போக எட்டு, வர ஏழு

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்குப் பயணச்சீட்டு எடுப்பவர் கால அட்டவணையை நிதானமாகப் பார்த்தால் ஒரு விந்தை கண்ணில் படும். போவதற்கு ஏறத்தாழ எட்டு மணி நேரம், திரும்பி வருவதற்கு ஏறத்தாழ ஏழு. இரு ஊர்க் கடிகாரங்களுக்கும் இடையே உள்ள ஐந்து மணி நேர வித்தியாசத்தைக் கழித்த பிறகும் கணக்கு இதுதான். நிலையங்கள் மாறவில்லை, விமானம் மாறவில்லை, நடுவே கிடக்கும் அட்லாண்டிக் பெருங்கடலும் மாறவில்லை. பிறகு அந்த ஒரு மணி நேரம் எங்கே போனது?

இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்தால், இரு ஊர்களுக்கு இடையே உள்ள தூரம் என்று நாம் சொல்வது விமானத்துக்கு என்ன பொருள் தருகிறது என்பதே மாறிவிடும். தரையில் நிற்பவருக்குத் தூரம் ஒன்றுதான். காற்றில் மிதக்கும் விமானத்துக்கோ அது போகும்போது ஒன்று, வரும்போது வேறொன்று, நாளை இன்னொன்று.

முதலில் தரைத் தூரத்தைப் பார்த்துவிடுவோம். ஹீத்ரோவுக்கும் கென்னடி நிலையத்துக்கும் இடையே பூமியின் மேற்பரப்பில் மிகக் குறுகிய வழி சுமார் 5,540 கிலோமீட்டர். லண்டன் வடக்கு அட்சரேகை 51.5 பாகையில் இருக்கிறது, நியூயார்க் 40.7 பாகையில். அதாவது நியூயார்க் நன்றாகத் தெற்கே தள்ளி, ஏறக்குறைய ஸ்பெயினின் மாட்ரிட் நகருக்கு நேராக இருக்கிறது. பள்ளிச் சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் இரண்டுக்கும் நடுவே அளவுகோலை வைத்துக் கோடு போட்டால், கோடு தென்மேற்காகச் சரிந்து இறங்கும். அந்தக் கோட்டின் வழியே உண்மையில் போனால் சுமார் 5,760 கிலோமீட்டர் ஆகும். குறுகிய வழியை விட 200 கிலோமீட்டருக்கும் மேல் அதிகம்.

காரணம், வரைபடம் தட்டை, பூமி உருண்டை. 1569இல் மெர்காட்டர் வரைந்த உலக வரைபடம் மாலுமிகளுக்காக உருவானது. திசைகாட்டி முள்ளை ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டு போகும் கப்பலின் பாதை அதில் நேர்கோடாகத் தெரியும். திசை தவறாமல் கரை சேர வேண்டிய மாலுமிக்கு அது பேருதவி. ஆனால் அந்த வசதிக்காகத் துருவங்களை நோக்கிப் போகப் போக நிலங்கள் விரித்துக் காட்டப்படுகின்றன. நம் சுவர்களில் தொங்குபவை பலவும் அதன் வழிவந்தவை.

உண்மையான குறுகிய வழியைக் காண வரைபடம் வேண்டாம், ஒரு பூகோள உருண்டையும் ஒரு நூலும் போதும். நூலின் ஒரு முனையை லண்டனிலும் மறுமுனையை நியூயார்க்கிலும் அழுத்திப் பிடித்து விறைப்பாக இழுத்தால், நூல் லண்டனிலிருந்து முதலில் வடமேற்காக ஏறும். அயர்லாந்தைக் கடந்து, ஏறத்தாழ 54 பாகை வரை உயர்ந்து, பிறகு கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து, நோவா ஸ்கோஷியா பக்கமாக வளைந்து இறங்கும். தெற்கே இருக்கும் ஊருக்குப் போக முதலில் வடக்கே ஏற வேண்டும்! பூமியின் மையத்தை மையமாகக் கொண்ட வட்டத்தின் ஒரு துண்டு அந்த நூல். இதைப் பெருவட்டப் பாதை என்கிறார்கள். 2021 ஜனவரியில் கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் முழுக்கப் பெண் விமானிகளே சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியா விமானத்தை வட துருவப் பகுதியின் மேலாக ஓட்டி வந்ததும் இந்த நூல் கணக்கின்படிதான். வட அரைக்கோளத்தில் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும் இரு ஊர்களுக்கு நடுவே நூல் துருவத்தை ஒட்டித்தான் போகும்.

ஆனால் பெருவட்டம் போகவும் வரவும் ஒன்றே. ஒரு மணி நேர வித்தியாசத்தை அதனால் விளக்க முடியாது.

இந்த இடத்தில் பலரும் சொல்லும் விடை ஒன்று உண்டு. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது, அதனால்தான் நேரம் மாறுகிறது என்பார்கள். கொஞ்சம் யோசித்தால் அது நேர் எதிராக அல்லவா இருக்க வேண்டும்? லண்டனிலிருந்து மேற்கே புறப்பட்ட விமானத்தை நோக்கி, கீழே நியூயார்க் கிழக்காகச் சுழன்று வந்துகொண்டிருக்கிறதே, போகும் பயணம்தானே சீக்கிரம் முடிய வேண்டும்? அப்படி நடப்பதில்லை, ஏனென்றால் பூமியோடு சேர்ந்து காற்றும் சுழல்கிறது. லண்டன் இருக்கும் அட்சரேகையில் தரை மணிக்குச் சுமார் 1,040 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே ஓடுகிறது. காற்று மட்டும் பின்தங்கி நின்றிருந்தால், அந்த ஊரில் என்றென்றும் அதே வேகத்தில் புயல் அடித்துக்கொண்டே இருக்கும், ஒரு மரம்கூட நின்றிருக்காது. காற்று தரையோடு சேர்ந்தே பயணம் செய்வதால்தான் நாம் அமைதியாக நடமாடுகிறோம்.

பூமியின் சுழற்சிக்கு இதில் பங்கே இல்லையா என்றால், உண்டு. ஆனால் அது நேராக விமானத்தைத் தொடுவதில்லை. காற்றைத் தொட்டு, காற்றின் வழியாக விமானத்தைத் தொடுகிறது.

விமானத்தின் இறக்கைக்குத் தரை எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் தன்னைச் சுற்றியுள்ள காற்றுதான். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது என்றால், காற்றை ஊடுருவி 900 கிலோமீட்டர் போகிறது என்று பொருள். அந்தக் காற்றே ஒரு திசையில் நகர்ந்துகொண்டிருந்தால் விமானமும் சேர்ந்து நகரும், காவிரியின் வெள்ளத்தில் பரிசல் போல. துடுப்பு போடும் வலு ஒன்றுதான், ஓட்டத்தோடு போனால் கரை வேகமாக நகரும், எதிர்த்துப் போனால் மெல்ல நகரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விமானத்தின் காற்றுவேகம் 900 கிலோமீட்டர். வழி நெடுக மேற்கிலிருந்து கிழக்காக 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது. நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு வரும்போது தரைவேகம் 1,000 ஆகும், 5,540 கிலோமீட்டரைக் கடக்க 5 மணி 32 நிமிடம் போதும். எதிர்த்திசையில் தரைவேகம் 800தான், 6 மணி 55 நிமிடம் ஆகும். இப்போது இதையே விமானத்தின் பக்கத்திலிருந்து பாருங்கள். வரும் வழியில் அது காற்றுக்குள் ஊடுருவிய தூரம் ஏறத்தாழ 4,990 கிலோமீட்டர், போகும் வழியில் ஏறத்தாழ 6,230. தரையில் ஒரே எண்ணாக இருந்த தூரம் காற்றுக்குள் 1,200 கிலோமீட்டருக்கும் மேல் வித்தியாசப்படுகிறது. எரிபொருள் செலவாவது இந்தக் காற்றுத் தூரத்துக்குத்தான்.

2020 பிப்ரவரி 8ஆம் தேதி இரவு, நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 விமானம் ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் வந்து சேர்ந்தது. அன்று கியாரா புயல் பிரிட்டனை நெருங்கிக்கொண்டிருந்தது, மேல்வானில் காற்று மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டி வீசியது. விமானத்தின் தரைவேகம் ஒரு கட்டத்தில் 1,300 கிலோமீட்டரைக் கடந்தது. கடல் மட்டத்தில் ஒலியின் வேகமே மணிக்கு 1,225 கிலோமீட்டர்தான். அப்படியானால் அந்தப் பயணிகள் விமானம் ஒலியை முந்திவிட்டதா? இல்லை. ஒலியும் அதே காற்றில்தான் பயணம் செய்கிறது. தன்னைச் சூழ்ந்த காற்றைப் பொறுத்தவரை அந்த விமானம் என்றும்போல் ஒலியை விடக் குறைந்த வேகத்திலேயே பறந்தது. தன் சொந்த வலுவால் ஒலியை இருமடங்கு முந்திய கான்கார்டு, 1996 பிப்ரவரி 7 அன்று இதே வழியை 2 மணி 52 நிமிடம் 59 விநாடியில் கடந்தது வேறு கதை.

அந்தக் காற்று ஏன் எப்போதும் மேற்கிலிருந்தே வீசுகிறது? இங்கேதான் பூமியின் சுழற்சி தன் வேலையைக் காட்டுகிறது.

வெப்பமண்டலத்தில் காற்று சூடானது, துருவத்தில் குளிர்ந்தது. சூடான காற்று விரிந்து உயர்ந்து நிற்கும், குளிர்ந்த காற்று சுருங்கித் தாழ்ந்து கிடக்கும். ஆகவே தரையிலிருந்து 10 கிலோமீட்டர் உயரத்தில் இரண்டையும் ஒப்பிட்டால், சூடான பக்கத்தில் தலைக்கு மேலே இன்னும் அதிகக் காற்று மிச்சமிருக்கும். எனவே அங்கே அழுத்தம் அதிகம். அந்த அழுத்தம் காற்றைத் துருவத்தை நோக்கித் தள்ளுகிறது. நிலநடுக்கோட்டில் தரையும் காற்றும் மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே சுழல்கின்றன. லண்டன் பக்கம் அந்த வேகம் 1,040தான். வேகமாகச் சுழலும் இடத்திலிருந்து மெதுவாகச் சுழலும் இடத்துக்கு வரும் காற்று, தரையை முந்திக்கொண்டு கிழக்கே ஓடுகிறது. வடக்கே புறப்பட்ட காற்று வலப்பக்கம் திரும்பிவிடுகிறது. சூடும் குளிரும் நெருங்கி மோதும் இடங்களில் இந்த ஓட்டம் சில நூறு கிலோமீட்டர் அகலமும் சில கிலோமீட்டர் ஆழமும் கொண்ட வேகப் பட்டையாகத் திரள்கிறது. அதுதான் ஜெட் காற்றோட்டம். 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், அதாவது பயணிகள் விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில் அது ஓடுகிறது. குளிர்காலத்தில் துருவம் இன்னும் குளிர்ந்து வெப்ப வித்தியாசம் கூடுவதால் ஓட்டமும் வலுக்கிறது.

இந்த விளக்கம் சரிதானா என்று சோதித்துப் பார்க்க இயற்கை நம் தலைக்கு மேலேயே ஒரு பரிசோதனையை ஆண்டுதோறும் நடத்துகிறது. கோடையில் திபெத் பீடபூமி சூடேறுகிறது. உயர்ந்து நிற்கும் அந்த நிலம் தன் மேலுள்ள காற்றை நடுவானிலேயே சூடாக்குவதால், அந்த உயரத்தில் நிலநடுக்கோட்டுக் காற்றை விடத் திபெத்தின் மேலுள்ள காற்று வெப்பமாகிவிடுகிறது. வெப்பம் வடக்கே, குளிர்ச்சி தெற்கே என்று நிலைமை தலைகீழாகிறது. விளக்கம் உண்மையென்றால் காற்றும் தலைகீழாக வேண்டும். அப்படியே ஆகிறது! தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவின் மேல் 15 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டிக் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. 1950களில் இதை அடையாளம் கண்டு விளக்கியவர் பி. கோட்டீஸ்வரம். பின்னாளில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமைப் பொறுப்பை வகித்த அறிவியலாளர் அவர். சென்னை, மதுரை வாசிகளின் தலைக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத உயரத்தில், ஆண்டுதோறும் வந்துபோகும் இந்தக் கீழைக்காற்றை நம் பிள்ளைகள் பெயர் சொல்லி அறிந்திருக்க வேண்டும்.

மேல்வானின் இந்த ஓட்டங்களை மனிதர் அறிந்துகொண்டது தாமதமாகத்தான். ஆனால் தாழப் பறந்த முதல் விமானிகளே மேற்குக் காற்றின் வலுவை உணர்ந்திருந்தார்கள். 1919 ஜூனில் ஆல்காக், பிரவுன் என்ற இருவர் கனடாப் பக்கமிருந்த நியூஃபவுண்ட்லாந்திலிருந்து கிளம்பி, எங்கும் இறங்காமல் அட்லாண்டிக்கைக் கடந்து, 16 மணி நேரத்துக்குள் அயர்லாந்தை அடைந்தார்கள். எதிர்த்திசையில் விமானத்தில் அதைச் செய்ய ஒன்பது ஆண்டுகள் ஆயின. 1928 ஏப்ரலில் அயர்லாந்திலிருந்து கிளம்பிய பிரேமன் என்ற விமானம் கனடாவின் ஒரு சிறு தீவில் இறங்க ஏறத்தாழ 36 மணி நேரம் பிடித்தது. மணிக்கு 150, 200 கிலோமீட்டர் மட்டுமே பறக்கக்கூடிய விமானத்துக்கு 40 கிலோமீட்டர் எதிர்காற்றே பெருஞ்சுமை. அதற்கு முன்பு மேற்கு நோக்கிக் கிளம்பியவர்களில் திரும்பி வராதவர்கள் உண்டு. 1927 மே மாதம் பாரிஸிலிருந்து புறப்பட்ட நுன்ஜெசர், கோலி இருவரும் அவர்களில் அடக்கம்.

மேல்வானை முறையாக அளந்தவர் ஜப்பானின் வசாபுரோ ஓயிஷி. 1920களில் தடேனோ வானிலை ஆய்வகத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு, அவை போகும் போக்கைத் தொலைநோக்கிக் கருவியால் பின்தொடர்ந்து, ஜப்பானின் மேலே குளிர்காலத்தில் வீசும் அசாதாரணமான மேற்குக் காற்றை அவர் பதிவு செய்தார். உலகம் முழுவதும் படிக்க வேண்டும் என்ற ஆசையில் 1926இல் தன் அறிக்கையை எஸ்பெரான்டோ மொழியில் வெளியிட்டார். எல்லா நாட்டாருக்கும் பொதுவாக உருவாக்கப்பட்ட அந்த மொழியைப் படிப்பவர்கள் மிகச் சிலர்தான். அறிக்கை கவனிப்பாரற்றுப் போனது. 1944 நவம்பரில் டோக்கியோ மேல் உயரப் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அந்தக் காற்றில் சிக்கிக் குறி தவறித் திகைத்தன. அதே குளிர்காலத்தில் ஜப்பானிய ராணுவம் அதே காற்றை நம்பிக் குண்டு கட்டிய 9,000க்கும் மேற்பட்ட பலூன்களைப் பசிபிக் கடலுக்கு மேலே அனுப்பியது. அவற்றில் ஒன்று 1945 மே 5 அன்று அமெரிக்காவின் ஓரிகன் மாநிலக் காட்டில் வெடித்து, உலாவுக்குப் போயிருந்த ஐந்து பிள்ளைகளும் ஒரு பெண்ணும் மாண்டார்கள். எல்லாருக்கும் சேர வேண்டும் என்று ஓர் அறிஞர் எழுதிவைத்த அறிவு, போரின் கையில் போய்ச் சேர்ந்தது வருத்தமான வரலாறு.

இன்று அந்தக் காற்றைக் கணித்துத்தான் அட்லாண்டிக் பாதைகளே வகுக்கப்படுகின்றன. பாதை என்றால் நிரந்தரமான பாதை அல்ல. ஐரோப்பியப் பக்கத்தில் ஷான்விக், கனடாப் பக்கத்தில் கேண்டர் என்ற இரு கட்டுப்பாட்டு மையங்கள், அன்றைய காற்றைப் பார்த்து அன்றைய பாதைகளை வெளியிடுகின்றன. பகலில் மேற்கே போகும் விமானங்களுக்கு ஒரு தொகுதி, இரவில் கிழக்கே வரும் விமானங்களுக்கு வேறொரு தொகுதி. கிழக்கே வருபவை ஜெட் காற்றோட்டத்தின் மேல் ஏறிக்கொள்ளும், மேற்கே போகிறவை அதை விட்டு விலகிச் சுற்றும். சில நாட்களில் நியூயார்க் போகும் விமானம் கிரீன்லாந்தின் தென்முனையை நெருங்கிப் போவதும் உண்டு. தூரம் கூடினாலும் நேரம் மிச்சம்.

இதன் உச்சத்தை டெல்லி - சான் பிரான்சிஸ்கோ பயணத்தில் பார்க்கலாம். ஏர் இந்தியா முதலில் ஐரோப்பா, அட்லாண்டிக் வழியாக மேற்கே பறந்தது. அந்த வழி சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் அது திசையையே மாற்றிக் கிழக்கே புறப்பட்டுப் பசிபிக்கைக் கடந்தது. தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர், அதாவது 1,400 கிலோமீட்டர் கூடுதல். இருந்தும் பதினான்கரை மணி நேரத்தில், முந்தைய வழியை விடச் சீக்கிரமாகவே போய்ச் சேர்ந்தது. முதுகில் காற்று இருந்தால் நீண்ட வழியே குறுக்குவழி.

காற்றைத் தவிர மனிதரும் தூரத்தை நீட்டுவார்கள். உக்ரைன் போரை அடுத்து 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபோது, ஹெல்சிங்கி - டோக்கியோ பயணம் ஏறத்தாழ 9 மணி நேரத்திலிருந்து 13 மணி நேரமாக நீண்டது. நூல் வைத்து அளந்தால் இரு ஊர்களும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன.

லண்டன் கணக்குக்குத் திரும்புவோம். அட்டவணையில் எட்டும் ஏழும் என்று இருக்க, நம் கணக்கு அதை விடக் குறைவாக வந்ததே என்று கேட்கலாம். அட்டவணை நேரம் என்பது நிலைய வாயிலிலிருந்து விமானம் பின்னகரும் கணத்தில் தொடங்கி, மறு நிலைய வாயிலில் நிற்கும் கணத்தில் முடிவது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறி இறங்குவது, ஹீத்ரோவின் மேலே முறை வரும் வரை வட்டமடிப்பது, தாமதத்துக்கென ஒதுக்கிய கூடுதல் நிமிடங்கள் எல்லாம் அதில் அடங்கும்.

போகும்போது இழந்ததை வரும்போது காற்று திருப்பித் தந்துவிடும், மொத்தத்தில் சமமாகிவிடும் என்று தோன்றுகிறதல்லவா? ஆகாது. காற்றே இல்லாவிட்டால் ஒரு வழிக்கு 6 மணி 9 நிமிடம் ஆகும். 100 கிலோமீட்டர் காற்றில் வரும்போது 37 நிமிடம் லாபம், போகும்போது 46 நிமிடம் நட்டம். போய்வர 9 நிமிடம் கையிழப்பு. காற்று 200 கிலோமீட்டராக வலுத்தால் கையிழப்பு 38 நிமிடம் ஆகிவிடும். காரணம் எளிது. எதிர்காற்றில் மெதுவாகப் போவதால் அந்தக் காற்றுக்குள் அதிக நேரம் இருக்கிறோம், உதவும் காற்றிலோ சீக்கிரம் கடந்துவிடுவதால் அதன் உதவியைக் குறைந்த நேரமே பெறுகிறோம். காற்று எவ்வளவு வலுக்கிறதோ, போய்வரும் மொத்தப் பயணம் அவ்வளவு நீளும்.

இந்தச் சிறிய கணிதத்துக்குள் நம் காலத்தின் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் வில்லியம்ஸ் 2016இல் வெளியிட்ட ஆய்வு, காற்றில் கரியமில வாயு இருமடங்கானால் லண்டன் - நியூயார்க் வழியில் என்ன ஆகும் என்று கணித்தது. குளிர்காலத்தில் அந்த வழியின் சராசரி ஜெட் காற்று மணிக்கு 77 கிலோமீட்டரிலிருந்து 89 ஆக வலுக்கும். மேற்கே போகும் பயணம் 5 நிமிடம் 18 விநாடி நீளும், கிழக்கே வரும் பயணம் 4 நிமிடம் குறையும். போய்வர 1 நிமிடம் 18 விநாடி கூடுதல். அட்லாண்டிக்கைக் கடக்கும் எல்லா விமானங்களையும் சேர்த்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மணி நேரம் கூடுதலாக வானில் இருக்க வேண்டிவரும். அதற்கும் எரிபொருள் எரியும், அந்தப் புகையும் அதே காற்றில் சேரும்.

தரைத் தூரமும் முற்றிலும் நிலையானதல்ல. அட்லாண்டிக்கின் அடித்தட்டுகள் விலகிக்கொண்டே இருப்பதால், லண்டனும் நியூயார்க்கும் ஆண்டுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் போகின்றன. நூறு ஆண்டில் இரண்டு மூன்று மீட்டர். ஒரு விமானத்துக்கு அது விநாடியில் நூறில் ஒரு பங்குதான். கண்டங்களை நகர்த்தும் பூமியின் பெருவிசை ஒரு நூற்றாண்டு முழுக்க முயன்று கூட்டும் நேரம் அவ்வளவே. நம் புகை கூட்டக்கூடியதோ 78 விநாடி. இரு ஊர்களுக்கு இடையே உள்ள பயண நேரத்தை மாற்றுவதில் கண்டங்களை விட நாம் வலியவர்களாகிவிட்டோம். அந்த வலுவை எப்படிப் பயன்படுத்தப் போகிறோம் என்பதற்கு நாம்தான் பொறுப்பு.